வீட்டுப் பழுதும் உள்ளத்துக் காப்பும்

மழைக்காலம் தொடங்குமுன் வீட்டைச் செப்பனிடுவது நம் நாடெங்கும் உள்ள வழக்கம். மும்பையின் பழைய கட்டடங்களில் மே மாதத்திலேயே தார்ப்பாய்கள் விரிகின்றன. கேரளத்தில் உடைந்த ஓடுகளை மாற்றுகின்றனர். இப்பருவத்தில் வீட்டுப் பராமரிப்புக் கடன் நாடி வரும் வாடிக்கையாளர்களின் மதிப்பீட்டுப் பட்டியல்களை வங்கி அலுவலர்களாகிய நாங்கள் ஒவ்வொரு ஆண்டும் படிக்கிறோம். ஓதம், துரு, விரிசல், மின்கசிவு என்று நீளும் அப்பட்டியல்கள் உள்ளத்தின் பழுதுகளையும் எண்ணிப் பார்க்கத் தூண்டுகின்றன. எம்மதத்தவராயினும், இறைவனைக் காப்பாளன் என்றே நாம் அழைக்கிறோம். அந்தக் காப்பின் பொருள் என்ன என்பதை வீட்டுப் பணிகளைக் கொண்டே சிந்திப்போம்.

1. கறையை மறைப்பது செப்பனிடுதல் ஆகாது

சுவரில் ஓதம் படர்ந்து சாயம் உரிகிறது. உடனே மேலே புதிய வண்ணம் பூசுகிறோம். அடுத்த மழையில் அதே இடத்தில் மீண்டும் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது. அனுபவம் மிக்க கொத்தனார் வண்ணப்பெட்டியை உடனே திறப்பதில்லை. நீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறார். மாடித் தளத்தின் விரிசலா, குளியலறைக் குழாயின் இணைப்பா, அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரமா என்று ஆராய்கிறார். அடைத்த பின்னும் மாடியில் நீரைத் தேக்கி வைத்து, கீழே கூரை நனைகிறதா என்று பார்த்த பிறகே பணி முடிந்தது என்கிறார்.

உள்ளத்தின் ஓதமும் இத்தகையதே. குடும்பத்தாருக்குத் தெரியாமல் கடன் வாங்கிய ஒருவர் உறக்கமின்றித் தவிக்கிறார். நேர்த்திக்கடன் வைக்கிறார், யாத்திரை செல்கிறார். சில நாள் மனம் தெளிகிறது. தவணை நாள் நெருங்கியதும் அச்சம் திரும்புகிறது. அவருடைய வழிபாட்டைக் குறை கூற இயலாது. ஆயினும் ஊற்று அடைபடவில்லை. இல்லத்தாரிடம் உண்மையைச் சொல்லும் துணிவை இறைவனிடம் வேண்டுவாரேயானால், அவ்வேண்டுதல் ஊற்றையே சென்றடையும்.

2. துருவின் மேல் பூச்சு நில்லாது

கான்கிரீட்டின் உள்ளே உள்ள கம்பியில் ஈரமும் காற்றும் புகுந்தால் துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடக் கூடுதலான இடத்தை அடைத்துக்கொண்டு உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கிறது. கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழும் நாளில்தான் நமக்கு அது தெரிகிறது. அரிப்போ பல ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கியிருக்கும். அவ்விடத்தை வெறும் சிமென்டால் பூசி மூடினால் மீண்டும் உதிரும். தளர்ந்த பகுதியைக் கொத்தி எடுத்து, கம்பியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத்தடுப்புப் பூசிய பிறகே புதிய கலவை இடவேண்டும்.

உடன்பிறந்தாரிடம் கொண்ட பகையும் அவ்வாறே உள்ளிருந்து அரிக்கிறது. மன்னிப்பு என்பது அதன் மேல் இடும் பூச்சன்று. துருவைத் தேய்த்தெடுக்கும் வலிமிக்க பணி. கொத்தும்போது வீடு முன்னினும் அலங்கோலமாகத் தோன்றும். அதுகண்டு அஞ்சிப் பணியை நிறுத்திவிடலாகாது.

3. நாள்தோறும் கணக்கு நேர்செய்தல்

இன்று பல வீடுகளில் மின்கசிவைத் துண்டிக்கும் கருவி பொருத்தப்படுகிறது. அதன் செயல் எளியது. வீட்டினுள் சென்ற மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. உயிர்க்காப்புக்காக வீடுகளில் பொருத்தப்படும் வகை, 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலே நொடிப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தாத கருவி தேவையான வேளையில் இயங்கும் என்பதற்கு உறுதியில்லை.

நாளிறுதியில் ரொக்கக் கணக்கை நேர்செய்யாமல் எந்த வங்கிக் கிளையும் பூட்டப்படுவதில்லை. மாலைத் தொழுகையும் விளக்கேற்றிச் செய்யும் வழிபாடும் இத்தகைய நேர்செய்தலே. இன்று நம்மிடமிருந்து வெளியே சென்ற சொல் யாது? எங்கே கசிந்தது? சிறு கசிவை அன்றே அறிந்துகொள்பவர் பேரிடரைத் தவிர்க்கிறார்.

4. அதிரும் நிலத்தில் நிற்கும் வீடு

இனி மிகக் கடினமான கேள்விக்கு வருவோம். இறைவன் காப்பான் என்றால், பக்தியுள்ளோர் வீட்டுக்கும் துன்பம் வருவது ஏன்?

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். தொழுவோர், தொழாதார் என்று நிலம் பிரித்துப் பார்க்கவில்லை. ஆனால் கட்டப்பட்ட முறை பல இடங்களில் வேறுபாட்டை உண்டாக்கியது. மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்தில், தரைத்தளத்தை வாகனம் நிறுத்தத் திறந்துவிட்டு மேலே மாடிகளை அடுக்கிய சில குடியிருப்புகள் சரிந்தன. மேலே கனமும் கீழே வெறுமையும் இருந்தமையே அவற்றின் குறை. கட்ச் மக்களின் மரபு வீடாகிய பூங்காவோ வட்ட வடிவச் சுவரும் கூம்பு வடிவ இலேசான கூரையும் உடையது. செவ்வனே கட்டப்பட்ட பல பூங்காக்கள் நிலைத்து நின்றன.

நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தர நெறியின் அடிப்படை நோக்கம் இங்கே சிந்திக்கத் தக்கது. சிறு அதிர்வில் சேதம் நேரலாகாது. நடுத்தர அதிர்வில் தூண், விட்டம் முதலியவற்றுக்குப் பெருங்கேடு வரலாகாது. பேரதிர்வில் கட்டடம் சேதமடையலாம், ஆனால் இடிந்து வீழ்ந்து உள்ளிருப்போரை நசுக்கிவிடலாகாது. விரிசலே விழாது என்று எந்தப் பொறியாளரும் உறுதி கூறுவதில்லை.

இறைக்காப்பையும் நாம் இவ்வண்ணமே புரிந்துகொள்ள வேண்டும் எனக் கருதுகிறோம். நோயும் இழப்பும் நம் வாசலுக்கு வாரா என்பது அவன் வாக்காகத் தோன்றவில்லை. அவை வரும் நாளில் நம் அன்பும் நேர்மையும் நம்பிக்கையும் அடியோடு சரிந்துவிடாதபடி தாங்குவதே அவன் காப்பு. துணையை இழந்தபின் கண்ணீரோடு கிளைக்கு வந்து, பிள்ளைகளின் கல்விக் கணக்கை முறையாகத் தொடரும் தாய்மார்களைக் காண்கிறோம். அவர்கள் வாழ்வில் விரிசல் உண்டு. ஆயினும் வீடு நிற்கிறது. மேலே பதவியும் பொருளும் அடுக்கிக்கொண்டே போய், கீழ்த்தளத்தை வெறுமையாக விட்டவர்களுக்கு அந்த உறுதி வாய்ப்பது அரிது.

5. காப்பீடு வேறு, காப்பு வேறு

வீட்டுக்குக் காப்பீடு எடுத்தல் அறிவுடைமை. தீ, வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றுக்கு ஈடளிக்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுத் திட்டம் 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் நாட்பட்ட தேய்மானத்துக்கும் கவனிப்பின்மைக்கும் காப்பீடு பொதுவாக ஈடு தருவதில்லை. அதனை உரிமையாளரே நாள்தோறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிலர் வழிபாட்டையும் காப்பீட்டுத் தவணைபோலச் செலுத்துகின்றனர். துன்பம் வந்தால் ஈட்டுத்தொகை கேட்டு வாதிடுகின்றனர். இறைவன் நம்மோடு ஒப்பந்தம் செய்த நிறுவனம் அல்லன். நம்மோடு அதே கூரையின் கீழ் வாழ்பவன். ஆகவே இம்மழைக்கு முன் மாடியின் நீர்வடிகாலைத் தூய்மை செய்வோம். மின்கசிவுப் பொத்தானை அழுத்திப் பார்ப்போம். அன்று மாலையே, நெடுநாள் பேசாதிருக்கும் ஓர் உறவினரை அழைத்துப் பேசுவோம். இவ்விரு பணிகளையும் ஒருங்கே செய்யும் இல்லத்தில் அவன் காப்பு நிலைபெறும்.