எய்ட்ஸ் நோயில் எக்ஸ்-ரே படத்தின் பயனும் எல்லையும்

காசநோயைக் கண்டறிய எக்ஸ்-ரே படம் சிறந்ததா, சளிப் பரிசோதனை சிறந்ததா என்னும் வினா பெங்களூருக்குப் புதியதன்று. 1959-ஆம் ஆண்டில் அந்நகரில் நிறுவப்பட்ட தேசியக் காசநோய் நிலையத்தார் தும்கூர் மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடத்தினர். நோயுற்ற கிராம மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தாமாகவே வைத்திய உதவியை நாடியிருந்தனர் என்பது 1963-இல் வெளியான அதன் முடிவு. ஆகவே, இருமலோடு வருவோரின் சளியை மைக்ராஸ்கோப்பில் நோக்கினாலே நோயாளிகள் பலரைக் கண்டுபிடிக்கலாம் என்பது தெளிவாயிற்று.

1986-இல் சென்னையில் நம் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. அதன் பின்னர் இப்பாடத்தை மீண்டும் ஆராய வேண்டியதாயிற்று.

காரணம் யாது? காசநோயில் நுரையீரலிற் குழி விழுவது கிருமியின் செயலால் மட்டுமன்று. அதனை எதிர்த்து உடல் புரியும் போராட்டத்தாலுமாகும். அக்குழியிலிருந்தே கிருமிகள் மிகுதியாகச் சளியிற் கலக்கின்றன. எச்.ஐ.வி. வைரஸ், ஸி.டி.4 என்னும் வெள்ளணுக்களை அழித்து எதிர்ப்பாற்றலைக் குறைக்கும்போது குழி விழுதல் அரிதாகிறது. சளியிற் கிருமி தென்படுவதும் குறைகிறது.

இந்நிலையில் எக்ஸ்-ரே படம் பெரிதும் உதவும். ஆயினும் அதன் தோற்றம் மாறியிருக்கும். நுரையீரலின் மேற்பகுதியில் வழக்கமாகக் காணும் நிழலுக்குப் பதிலாகக் கீழ்ப்பகுதியில் நிழல், மார்பின் நடுவே வீங்கிய நிணநீர்க் கழலைகள், தினை தூவியது போன்ற சிறு புள்ளிகள், நுரையீரல் உறையில் நீர் ஆகியவை தோன்றலாம். சிலரது படம் முற்றிலும் இயல்பாகவே இருத்தலும் உண்டு.

மூளையைப் படமெடுப்பதிலும் இத்தகைய எல்லை உண்டு. வலிப்பு, ஒருபக்கம் செயலிழத்தல் முதலியன கண்டால் ஸி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படம் எடுக்கப்படும். டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியால் விளையும் கட்டி அதில் வளையம்போற் காணும். காசநோய்க் கட்டியும் அவ்வாறே காணும். ஆதலால் வைத்தியர் பெரும்பாலும் ஒட்டுண்ணிக்கு மருந்தளித்து, ஏறத்தாழ இரு வாரங்களுக்குப் பின் மீண்டும் படமெடுத்து, கட்டி சுருங்கியதா என்று நோக்குவர். கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சையால் வரும் மூளையுறை அழற்சியிலோ படம் பல சமயம் ஒன்றும் காட்டாது. முதுகுத்தண்டு நீரைச் சோதித்தே அதனை அறிய இயலும்.

களப்பணியாளர் நினைவிற் கொள்ள வேண்டியது இது: எச்.ஐ.வி. தொற்றுள்ளவரிடம் இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவில் வியர்த்தல் ஆகிய நான்கில் ஒன்றேனும் இருப்பின், படம் நன்றாயிருக்கிறது என்று கூறித் திருப்பியனுப்பலாகாது. சளியை மூலக்கூற்றுப் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். தாமதம் உயிரிழப்பாக முடியலாம். உரிய காலத்திற் கண்டறிந்தால் காசநோய் குணமாகும்.

ஒருவரது எச்.ஐ.வி. நிலையை அவரது இசைவின்றி வெளியிடுதலை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே படத்தின் உறைமீது அதனைக் குறித்தல் தகாது. ஆசிரியர்களும் இதனை மாணவர்க்கு எடுத்துரைப்பாராக. அச்சமின்றி வருபவருக்கே சிகிச்சை உரிய காலத்திற் கிடைக்கும்.