டேப்லெட்டை மானிட்டரில் இணைக்கும் முன்…

 

நமது மாலை நேரப் பாட வகுப்பில் இருப்பது ஒரேயொரு டேப்லெட்தான். பத்து அங்குலத் திரை. எட்டுப் பிள்ளைகள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்ப்பதைக் கண்டு, அன்பளிப்பாக வந்த மானிட்டரில் அதை இணைக்க முடிவு செய்தோம். கடையில் அடாப்டர் வாங்கி வந்தோம். முனை சரியாகப் பொருந்தியது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. கேபிளை மாற்றினோம். இன்னொரு அடாப்டரும் வாங்கினோம். பலனில்லை. குறை அடாப்டரில் இல்லை. அந்த டேப்லெட்டில் வெளித்திரைக்குப் படம் அனுப்பும் வசதியே கிடையாது. வாங்கும் முன் அதை நாங்கள் விசாரிக்கவில்லை.

நீங்கள் தரும் பணம் எங்களிடம் அமானிதம். செய்த தவறை மறைக்காமல் சொல்கிறோம். உங்கள் வீட்டில் அதே வீண்செலவு நேரக்கூடாது என்பதற்காகவே இந்தப் பாடம்.

துளை ஒன்று, வசதி வேறு

இன்றைய டேப்லெட்டுகளில் பெரும்பாலும் யுஎஸ்பி டைப்-சி துளைதான் இருக்கிறது. 2014-இல் வெளிவந்த இந்த வடிவம் சார்ஜ் ஏற்றவும், ஃபைல்களை மாற்றவும், படம் அனுப்பவும் இடம் தருகிறது. ஆனால் படம் அனுப்பும் வசதி கட்டாயமில்லை. விலை குறைந்த டேப்லெட்டுகள் பலவற்றில் அது இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு துளைகளும் ஒன்றுபோலவே தெரியும்.

எனவே தயாரிப்பாளரின் இணையதளத்தில் உங்கள் மாடலின் விவரத்தைப் பாருங்கள். 'டிஸ்ப்ளேபோர்ட்' அல்லது 'வீடியோ அவுட்' என்று இருந்தால் துணிந்து அடாப்டர் வாங்கலாம். 'யுஎஸ்பி 2.0' என்று மட்டும் இருந்தால் சாதாரண அடாப்டர் பயன்படாது.

பெயரை வைத்தும் முடிவு செய்ய வேண்டாம். சாம்சங் டேப் எஸ்8, எஸ்9 மாடல்களில் இந்த வசதி உண்டு. பெயரில் 'எஸ்' இருந்தும் எஸ்6 லைட்டில் கிடையாது. ஐபேடில் 2022-இல் வந்த பத்தாம் தலைமுறையில் டைப்-சி வழியாகப் படம் வரும். லைட்னிங் துளை உள்ள பழைய ஐபேடுக்கு அதற்கென்றே ஆப்பிள் தரும் தனி அடாப்டர் வேண்டும்.

மானிட்டரின் பின்புறம்

ஹெச்டிஎம்ஐ துளை இருந்தால் வேலை எளிது. படமும் ஒலியும் ஒரே கேபிளில் போகும். பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும் இருக்கும். அதில் ஒலி போகாது. டேப்லெட்டின் ஸ்பீக்கரையோ ப்ளூடூத் ஸ்பீக்கரையோ நம்ப வேண்டும். டைப்-சியிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் அடாப்டர் என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். எதிர்த்திசையில் மாற்றுவது இதற்கு உதவாது.

இணைக்கும் முறை

1. சார்ஜர் செருகவும் தனித்துளை உள்ள அடாப்டராக வாங்குங்கள். இல்லையென்றால் பாடம் நடுவில் சார்ஜ் தீர்ந்துவிடும்.
2. அடாப்டரை டேப்லெட்டிலும், ஹெச்டிஎம்ஐ கேபிளை மானிட்டரிலும் செருகுங்கள்.
3. மானிட்டரில் 'இன்புட்' அல்லது 'சோர்ஸ்' பட்டனை அழுத்தி ஹெச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுங்கள். படம் வரவில்லை என்று பலர் கலங்குவது இந்த இடத்தில்தான்.
4. சாதாரண மானிட்டர் தொடுதிரை அல்ல. ப்ளூடூத் கீபோர்டும் மவுஸும் இருந்தால் பிள்ளைகள் எழுதிப் பழகலாம்.

வசதி இல்லாத டேப்லெட் என்றால்?

கேபிள் இல்லாமலும் வழி உண்டு. வீட்டில் ஸ்மார்ட் டிவி இருந்தால், டேப்லெட்டில் 'ஸ்மார்ட் வியூ', 'காஸ்ட்' போன்ற பெயரில் இருப்பதை அழுத்திப் பாருங்கள்; ஐபேடில் அதன் பெயர் 'ஏர்பிளே'. மானிட்டர் என்றால் ஹெச்டிஎம்ஐ துளையில் செருகும் குரோம்காஸ்ட் போன்ற சிறு கருவி வேண்டும். அதுவும் டேப்லெட்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். கை அசைவுக்கும் படத்துக்கும் சிறு தாமதம் இருக்கும். பாடம் பார்க்க அது தடையில்லை. நமது வகுப்பில் இப்போது இப்படித்தான் நடக்கிறது. எட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கிறார்கள்.

இவை பழுதல்ல

ஐபேடை இணைத்தால் படத்தின் இருபுறமும் கறுப்புப் பட்டை தெரியலாம். இரண்டு திரைகளின் அகல உயர அளவு வேறு என்பதே காரணம். கட்டணம் செலுத்திப் பார்க்கும் சில சினிமா செயலிகளில் ஒலி மட்டும் வந்து திரை கறுப்பாகலாம். அது நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு. இரண்டுக்கும் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

கண்ணையும் கழுத்தையும் மறக்க வேண்டாம்

மானிட்டரைக் கை நீட்டும் தூரத்தில், அதன் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி வையுங்கள். குனிந்தே பார்க்கும் பழக்கம் குறையும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ளதை 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள்.

நாங்கள் வாங்கிய இரண்டு அடாப்டர்களும் வீணாகவில்லை. மானிட்டருடன் அவற்றை அலுவலகத்திலேயே வைத்திருக்கிறோம். அஸர் தொழுகைக்குப் பின் உங்கள் டேப்லெட்டைக் கொண்டு வாருங்கள், செருகிப் பார்ப்போம். படம் வந்தால் அதே வகை அடாப்டரை வாங்குங்கள். வராவிட்டால், அந்தப் பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.