இருட்பொருளும் ஆணவ இருளும்

கார்த்திகை இரவில் திருவண்ணாமலைத் தீபத்தைச் சேய்மையிற் காண்பார், மலையைக் காணாராயினும், அவ்வொளியைத் தாங்கும் மலை உண்டெனத் துணிவர். இது கருதலளவை.

வானநூலாரும் இவ்வாறே துணிந்தனர். 1970-ஆம் ஆண்டில் வேரா ரூபின் அம்மையாரும் கென்ட் போர்டும் ஆண்டிரோமீடா என்னும் விண்மீன்திரளை ஆராய்ந்து, அதன் புறவெல்லையிலும் சுழற்சி விரைவு குன்றாமை கண்டனர். காணப்படும் பொருளின் ஈர்ப்பு அவ்விரைவிற்குப் போதாது. பிற ஆராய்ச்சிகளும் ஒத்தமையின், காணாப்பொருள் உண்டென்பது கொள்ளப்பட்டது. பிரபஞ்சத்தின் விரிவு வரவர விரைதல் 1998-இல் அறியப்பட, அதன் காரணத்திற்கு இருளாற்றல் எனப் பெயரிட்டனர். அதன் இயல்பு இன்னும் துணியப்படவில்லை. நூற்றுக்கூறில் நாமறிந்த பொருள் ஏறக்குறைய 5; இருட்பொருள் 27; இருளாற்றல் 68.

இருட்பொருளே ஆணவமலம் எனின், அது பொருந்தாது. என்னை? ஆணவம் உயிரின் அறிவை மறைப்பது. இருட்பொருளோ எதனையும் மறையாது. ஒளி அதனூடே செல்லும். ஈர்ப்பால் சிறிது வளைதலன்றித் தடைப்படுதல் இல்லை. ஒளியை உமிழாமையும் விழுங்காமையும் பற்றியே அப்பெயர் வந்தது. மேலும், ஆணவம் உயிரை அனாதியே பற்றியது. இதுவோ இடம்பற்றி நிற்கும் சடம். ஆகலின் மாயாகாரியத்துள் அடங்குவதென்பதே எம் துணிபு.

சொல்லொப்புமை பொருளொப்புமை ஆகாது. புதுநூற்கருத்தால் சித்தாந்தத்திற்கு அரண் தேடுவோர் இதனை உளங்கொள்க.