பொதுச் சலவை அறை: வருவாயா, சுமையா?

மாட்டுங்காவில் வி.ஜே.டி.ஐ., ரூயா, பொதார் முதலிய கல்லூரிகள் அருகருகே அமைந்துள்ளன. ஆகவே வெளியூர் மாணவர்க்கும் இளம் ஊழியர்க்கும் படுக்கைக் கணக்கில் அறை விடும் இல்லங்கள் இங்கு உண்டு. பணி ஓய்வுக்குப் பின் இத்தகைய வாடகையையே நம்பி வாழ்வோர், சலவை இயந்திரம் வைத்துக் கட்டணம் வசூலித்தால் கூடுதல் வருவாய் வருமா என எண்ணுவது இயல்பு. கடன் விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது நன்று.

இருபது பேர் தங்கும் இல்லம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இங்குத் தரப்படும் தொகைகள் யாவும் கணக்கை விளக்குவதற்கான அனுமானங்களே. வாசகர் தம் இல்லத்தின் தொகைகளை அவ்விடங்களில் இட்டுக்கொள்ளலாம்.

முதலில் வரவு. இருபது பேரும் இயந்திரத்தைப் பயன்படுத்துவர் என்று கொள்ளலாகாது. சிலர் வாளியில் துவைப்பர். சிலர் வாசலுக்கே வரும் சலவைக்காரரிடம் கொடுப்பர். 1890ஆம் ஆண்டு முதல் மகாலட்சுமி தோபி காட் இயங்கிவரும் இந்நகரில் அந்தப் போட்டி எளிதன்று. பதினைந்து பேர் வாரம் ஒருமுறை துவைத்தால் மாதம் 60 சுற்று. சுற்றுக்கு 50 ரூபாய் பெற்று, மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் 15 ரூபாய் கழித்தால் மீதி 35 ரூபாய். மாதத்துக்கு 2,100 ரூபாய்.

மின்செலவைக் கணிக்கையில் ஒரு நுட்பம் உண்டு. இப்பகுதிக்கு மின்சாரம் வழங்கும் பெஸ்ட் நிறுவனத்தின் வீட்டு மின்கட்டணம் படிநிலை முறையிலானது. நுகர்வு கூடக்கூட யூனிட்டின் விலையும் உயரும். புதிய இயந்திரம் மேல்படியிலேயே மின்சாரம் எடுக்கும். எனவே சராசரி விலையை விடுத்து, உங்கள் பட்டியலில் உள்ள மேல்படி விலையைக் கொண்டே கணக்கிடுக. இல்லத்துக்கு வணிகக் கட்டணம் பொருந்துமா என்பதையும் கேட்டறிக.

அடுத்து நிலைச்செலவு. இயந்திரம், குழாய், மின்னிணைப்பு ஆகியவற்றுக்கு 60,000 ரூபாய் ஆகி, ஐந்தாண்டு உழைக்குமானால் தேய்மானம் மாதம் 1,000. எட்டு சதவீத வட்டி 400. பராமரிப்பு 400. ஆக 1,800 ரூபாய். 2,100இல் இதைக் கழித்தால் 300 ரூபாய் இலாபம் எனத் தோன்றும்.

பலரும் இங்கே கணக்கை முடித்துவிடுகின்றனர். அந்த அறையின் வாடகையை அவர்கள் சேர்ப்பதில்லை. மும்பையில் சதுர அடி ஒவ்வொன்றுக்கும் விலையுண்டு. பொருள் வைக்க அவ்வறையை விட்டால் மாதம் 2,000 ரூபாய் கிடைக்குமெனின், உண்மையில் 1,700 ரூபாய் நட்டம். அதை ஈடுகட்ட மாதம் 109 சுற்று ஓட வேண்டும். அல்லது சுற்றுக்குச் சுமார் 79 ரூபாய் வாங்க வேண்டும். அவ்விலைக்கு வாடிக்கை சலவைக்காரரிடம் போய்விடும்.

அவ்வாறாயின் சலவை அறை வேண்டாமா? அதற்கு விடை காலிப் படுக்கைகளில் உள்ளது. ஆண்டு நட்டம் 20,400 ரூபாய். படுக்கை வாடகை மாதம் 12,000 ரூபாய் எனில், ஆண்டில் இரண்டு படுக்கை-மாதங்கள் காலியாகாமல் காத்தாலே 24,000 ரூபாய் மிஞ்சும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் துணி உலராத இந்நகரில், சுழற்றி நீர் பிழியும் இயந்திரம் ஒருவரை அதே இல்லத்தில் தங்கச் செய்யக்கூடும். ஆனால் அது ஊகமாக இருத்தல் கூடாது. கடந்த ஈராண்டில் வெளியேறியவர்கள் சொன்ன காரணங்களை எழுதிப் பாருங்கள். துணி துவைக்கும் சிரமத்தை எவரும் சொல்லவில்லையெனில் முதலீட்டைத் தவிர்ப்பதே இலாபம்.

முடிவு சாதகமாக இருப்பினும், வீட்டுவசதிச் சங்கத்தின் அனுமதியை எழுத்தில் பெறுக. பழைய கட்டடமாயின் மின்கம்பியின் தாங்குதிறனையும், கீழ்த்தளத்துக்கு நீர் கசியாதிருப்பதையும் தகுந்தவரைக் கொண்டு சோதித்துக்கொள்க. சலவைக் கட்டணத்தைத் தனிக் குறிப்பேட்டில் பதிவு செய்க. அதனை வருமான வரியில் எத்தலைப்பில் காட்டுவது என்பதைத் தணிக்கையாளரிடம் தெளிவுபடுத்திக்கொள்க. இவ்வளவும் முடிந்த பின் கடனுக்காகக் கிளைக்கு வருவோரின் கையில் உறுதியான கணக்கொன்று இருக்கும்.