பழைய பியானோவில் சுருதி நிற்கவில்லையா?

சேலம், நாமக்கல் பக்கம் சித்திரை வெயிலில் மரம் சுருங்கும். ஐப்பசி மழையில் உப்பும். அதனால் பியானோவின் எல்லாக் கட்டைகளின் சுருதியும் சேர்ந்து கொஞ்சம் ஏறி இறங்கினால் பயம் வேண்டாம். பருவம் மாறி ஈரப்பதம் நிலைப்பட்டதும் சுருதி சேர்த்தால் போதும்.

சில கட்டைகள் மட்டும், சேர்த்த சில நாளிலேயே இறங்கிவிட்டால் கோளாறு வேறு. கம்பி சுற்றிய முளைகள் பலகையில் பிடிமானம் இழந்திருக்கும். முளையில் எண்ணெய் விடவே கூடாது. இருக்கிற பிடியும் போய்விடும். சற்றுப் பருமனான முளை மாற்றி அடிப்பதே நல்ல வைத்தியம். பலகையே வெடித்திருந்தால் அதை மாற்றும் செலவு மிக அதிகம். தரமான பியானோவுக்கு மட்டும் அதைச் செய்யுங்கள்.

சுமார் 230 கம்பிகளின் இழுவிசை மொத்தம் 15 டன்னைத் தாண்டும். நீங்களே திருக வேண்டாம். நெடுநாள் சுருதி சேர்க்காமல் கிடந்ததை ஒரே மூச்சில் 440 ஹெர்ட்ஸ் என்ற வழக்கமான சுருதிக்கு ஏற்றினால் துருவேறிய கம்பி அறுந்துவிடலாம். சுருதி சேர்ப்பவரிடம் இரண்டு மூன்று தவணையாக ஏற்றச் சொல்லுங்கள்.

ஜன்னல் வெயிலும் ஏர்கூலர் ஈரமும் படாமல் உள்சுவர் ஓரம் வையுங்கள். பின்பக்கம் கரையான் மண் இருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளூரில் சுருதி சேர்க்கும் ஆள் இல்லையென்றால், 1842-இல் தொடங்கிய சென்னை மியூசி மியூசிக்கல் போன்ற பழைய கடைகளில் விசாரியுங்கள். பக்கத்துச் சர்ச், பள்ளிப் பியானோக்களையும் சேர்த்துக்கொண்டால் ஆளை வரவழைக்கும் செலவைப் பகிர்ந்து குறைக்கலாம்.