சிப்பி மேடு

பெரியதாழைக் கரையில் நின்று நோக்கினால், மன்னார் வளைகுடா நம் கண்முன் பரந்து தோன்றும். இவ்வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்துக்குளித்தல் பன்னூறாண்டுகள் நிகழ்ந்த தொழிலாகும். பாண்டியரின் துறைமுகமாகிய கொற்கையில் 1968-69ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தபோது, சங்குகளும் சிப்பி ஓடுகளும் கிடைத்தன. பின்னாளில் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் முறையே இச்செல்வத்தைத் தம் கைவசப்படுத்தினர். ஆண்டவர் மாறினர், மூழ்கியவரின் உழைப்பு மாறவில்லை.

அவ்வுழைப்பின் அருமையை அறிவீர்களாக. கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை ஊன்றி, மூக்கைக் கையாற் பற்றிக்கொண்டு, மூழ்குவோன் கடலடிக்கு இறங்குவான். ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் சிப்பிகளை வாரிக் கூடையில் இடுவான். கயிறு அசைந்ததும், தோணியில் நிற்கும் தோழன் அவனை மேலே இழுப்பான். தோழன் அயர்ந்தால் மூழ்கியவன் உயிருக்கே கேடாம்.

இலங்கைக் கரையில் ஆங்கிலேயர் நடத்திய முத்துச் சலாபத்திற்கு நம் கரையினரும் தோணியேறிச் சென்றனர். எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசாங்கத்தைச் சேர்ந்தது. எஞ்சிய ஒரு பங்கே தோணியினர்க்கு உரியதாயிற்று. கரையிலோ சிப்பி அழுகும் நாற்றம். வாந்திபேதி பரவிச் சலாபம் இடையில் நின்றதும் உண்டு. 1905ஆம் ஆண்டில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டு ஒரு கம்பெனி அக்கடலைக் குத்தகைக்கு எடுத்தது. சில ஆண்டுகளுக்குள் சிப்பி அருகிற்று, கம்பெனியும் கலைந்தது. தூத்துக்குடியிலும் 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றது.

இலங்கைக் கரையில் அரிப்பு என்னும் ஊரில், ஆங்கில ஆளுநர் பிரடெரிக் நார்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை இடிந்து நிற்கிறது. கடலலை அதனை அரித்து வருகிறது. அக்கரையோரத்தில் மூழ்குவோர் எடுத்த சிப்பியின் ஓடுகள் குவிந்து மேடுகளாயின. மாளிகையைக் கட்டியவர் பெயரை ஏடுகள் கூறுகின்றன. ஓடுகளைக் கொணர்ந்தவர் பெயரைக் கூறும் ஏடு அரிது. எழுதப்படாத அவர்தம் வரலாற்றைச் சிப்பி மேடே காத்து நிற்கிறது.

மாணவர்களே! தொல்பொருள் ஆராய்ச்சி என்பது அரண்மனைகளை அளப்பது மட்டுமன்று. ஓர் உடைந்த ஓட்டையும், கயிறு தேய்த்த ஒரு கல்லையும் எடுத்து, 'இதனைத் தொட்ட கை யாருடையது?' என்று வினவுவதும் ஆகும். கரையில் கிடக்கும் சிப்பியை இனிக் காணும்போது, அதில் முத்தை மட்டும் தேடாதீர்கள். மூச்சடக்கி மூழ்கிய மனிதனையும் நினையுங்கள்.