சுண்டல் தண்ணீரைக் கொட்டாதீங்க!

தூத்துக்குடி மக்ரூன் சாப்பிட்டிருக்கீங்களா? முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான். ஆனால் புரட்டாசியில் வீட்டுப் பாட்டிக்கு நீட்ட முடியாது. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலுக்குப் போய் வந்து நாம் மட்டும் மெல்வதும் நன்றாக இல்லை.

அதற்கு வழி நம் அடுப்பிலேயே இருக்கிறது. 2014 இறுதியில் ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர், அவரைவகை வேகவைத்த நீர் முட்டைபோல் நுரைப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டு அமெரிக்கர் கூஸ் வோல்ட், கொண்டைக்கடலை நீரும் சர்க்கரையும் போதும் என்று காட்டி, அதற்கு 'அக்வாஃபாபா' என்று பெயர் வைத்தார்.

காரணம் என்ன? கடலை வேகும்போது கொஞ்சம் புரதம், மாவுச்சத்து, சபோனின் எல்லாம் நீரில் இறங்குகின்றன. பூந்திக்கொட்டை நுரைப்பதும் சபோனினால்தான். புரதமும் சபோனினும் காற்றுக்குமிழைச் சுற்றிப் படலமாக நிற்கும்; மாவுச்சத்து நீரைக் கெட்டியாக்கி, அது வடியாமல் பிடிக்கும்.

ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் உப்பு, சோடா இல்லாமல் வேகவையுங்கள். வடித்த நீரை வெள்ளைக்கரு பதத்துக்குச் சுண்டவைத்து ஆறவிடுங்கள். 120 மில்லிக்கு கால் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. மிக்சரில் பத்து நிமிடமாவது அடிக்க வேண்டும். பொடித்த சர்க்கரை 120 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை எழாது. முதல் தடவை எனக்கு அப்படித்தான் ஆச்சு, அரை மணி நேரம் அடித்தும் வெறும் தண்ணீர்!

வேகவைப்பதில்தான் பெரிய வித்தியாசம். முட்டைப் புரதம் சூட்டில் இறுகும். இது ஏற்கெனவே வெந்த புரதம், அளவும் குறைவு, அப்படி இறுகாது. உருவத்தைத் தாங்குவது காய்ந்த சர்க்கரைதான். ஆகவே இதைச் சுடுவதில்லை, உலர்த்துகிறோம்: 100 டிகிரியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். பிறகு அடுப்பை அணைத்து, கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள்.

சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். சர்க்கரை அதை உறிஞ்சி சீக்கிரமே பிசுபிசுக்கும். ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள்.

மக்ரூனாக வேண்டுமென்றால் முந்திரித் தூளைக் கடைசியில் கரண்டியால் மெதுவாகக் கலக்கவும். முந்திரியிலும் எண்ணெய் உண்டு, ரொம்பக் கிளறினால் நுரை அமுங்கிவிடும். வெந்த கடலையைத் தாளித்தால் அன்றைக்குச் சுண்டலும் ரெடி.